அக்கா வந்தால் ஆட்சி போகும்

செபியுட்டா அரசாங்கத்தைக் கவிழ்க்க வரவில்லை. கப்பல் எப்போது போகும் என்று கேட்கத்தான் வந்தாள்.

அவளுடைய மகள் லோசா, மோட்டுலேவா தீவில் வாழ்க்கைப்பட்டு ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தாள். அங்கே நர்ஸ் கிடையாது. போன வருஷம் முதல் பிரசவத்துக்கும் கப்பல் போகவில்லை. பிள்ளை தங்கவில்லை. இந்தத் தடவை நர்ஸைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவது என்று செபியுட்டா முடிவு செய்திருந்தாள். நர்ஸ் தயார். கப்பலும் தயார். அந்தக் கப்பலின் இஞ்சினைப் பார்த்துக்கொள்கிறவன் நான்தான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன், இஞ்சினில் ஒரு குறையும் இல்லை. டீசல் மட்டும் இல்லை. டீசலுக்குப் பாராளுமன்றம் அனுமதி தர வேண்டும்.

எங்கள் வாலேத்தோகா நாட்டின் தலைநகர்த் தீவைக் காலையில் நடக்க ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்குள் சுற்றி வந்துவிடலாம். இந்த நாட்டுக்கு ஒரு பாராளுமன்றம், பதின்மூன்று உறுப்பினர்கள், இரண்டு கட்சிகள். ஆமைக் கட்சியில் ஏழு பேர். ஈரப்பலாக் கட்சியில் ஆறு பேர். இரண்டுக்கும் கொள்கையில் என்ன வித்தியாசம் என்று ஒருமுறை வெளிநாட்டு ஆலோசகர் அம்மா ஒருத்தி கேட்டாள். ஆமைக் கட்சிக்காரர்கள் யோசித்துவிட்டு, "நாங்க காத்து வர்ற பக்கம் உக்காருவோம்" என்றார்கள். ஈரப்பலாக் கட்சிக்காரர்கள், "அதை மாத்தத்தான் போராடுறோம்" என்றார்கள்.

பிரதமர் ஏதுவாத்தே ஆமைக் கட்சி. செபியுட்டாவுக்குச் சித்தப்பா மகன். எங்கள் ஊரில் சித்தப்பா மகனும் உடன்பிறந்தவன்தான். உடன்பிறந்தவள் ஒரு கூரைக்குள் வந்தால் உடன்பிறந்தவன் எழுந்து வெளியே போய்விட வேண்டும். அவள் முகத்தைப் பார்த்துப் பேசக் கூடாது. அவள் காதில் விழும்படி அசிங்கமான பேச்சு எதுவும் பேசக் கூடாது. அவள் உட்கார்ந்திருக்கும் வழியாகக் கடந்து போகக் கூடாது. அது அவளுக்குக் கொடுக்கிற மரியாதை. அவள் ஒன்று கேட்டால் மறுக்கவும் கூடாது.

கப்பல் வேண்டும் என்று செபியுட்டா பலர் மூலம் பிரதமருக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். அவர் ஒரு தடவைகூட மறுக்கவில்லை. "அக்கா கேட்டா இல்லைன்னு சொல்வேனா" என்று ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது. கப்பல் மட்டும் வரவில்லை.

கடைசியில் அவளே பாராளுமன்றத்துக்கு வந்தாள். வாசலில் போலீஸ்காரன் செமிசி நின்றிருந்தான்.

"யாரைப் பாக்கணும் அக்கா?"

"யாரையும் பாக்க வேணாம்ப்பா. டீசல் பத்தி இன்னிக்குப் பேசுறாங்களாமே. காதால கேட்டுட்டுப் போறேன்."

"பொதுமக்கள் பெஞ்சு காலியாத்தான் இருக்கு. இந்தக் கட்டடம் கட்டின நாள்லேர்ந்து காலிதான். போய் உக்காருங்க."

அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். அப்போது பிரதமர் "இந்த அரசு அசையாது" என்று பேசிக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்தார். பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுக் குனிந்தபடி வெளியே போனார். பின்னாலேயே நிதியமைச்சர் தானியேலா போனார், அவரும் சித்தப்பா மகன். மீன்வளம் போனார், அவர் பெரியப்பா மகன். கல்வி போனார். கல்விக்கு என்ன உறவு என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை, ஆனால் போனார்.

அரசாங்கப் பக்கம் மூன்று பேர் மிச்சம். எதிர்க்கட்சித் தலைவர் கெபுவேலி மெதுவாக விரல் விட்டு எண்ணினார். இரண்டாவது தடவையும் எண்ணினார். பிறகு எழுந்தார்.

"சபாநாயகர் அவர்களே, இந்த அரசின் மீது எங்களுக்கு நம்பிக்கை போயிடுச்சு."

"எப்பப் போச்சு?" என்று கேட்டார் சபாநாயகர். அவர் ஓய்வு பெற்ற பாதிரியார். காது மந்தம் என்பதால் நடுநிலையானவர் என்று பெயர்.

"இப்பத்தான்."

ஓட்டெடுப்பு நடந்தது. அரசு விழுந்தது. டீசல் விஷயம் அரசோடு சேர்ந்து விழுந்தது. செபியுட்டா பெஞ்சில் உட்கார்ந்தபடி செமிசியிடம் கேட்டாள்:

"என்னப்பா எல்லாரும் கை தூக்குறாங்க? டீசலுக்கா?"

"இல்லக்கா. நீங்க அரசாங்கத்தைக் கவுத்துட்டீங்க."

"நான் உக்காந்துதானப்பா இருக்கேன்."

வெளியே மரத்தடியில் ஏதுவாத்தே ரேடியோக்காரர்களிடம் பேசினார். "நான் பதவியைத்தான் இழந்தேன், பண்பாட்டை இழக்கவில்லை. எனக்குப் பதவி பெரிதல்ல. பதவி பெரிதல்ல என்பதை மறுபடி பதவிக்கு வந்ததும் நிரூபிப்பேன்."

மறுநாள் செபியுட்டா புதுப் பிரதமர் கெபுவேலி வீட்டுக்குப் போனாள். அவர் அவளுக்கு உடன்பிறந்த முறை இல்லை, எனவே நேராகவே பேசலாம். அவளுக்குத் தாழைப்பாய் விரித்து, டப்பா இறைச்சியும் வேகவைத்த சேம்பும் வைத்தார்.

"உங்களாலதான் அக்கா ஜனநாயகம் பொழச்சுது."

"கப்பல் எப்பப் போகும்?"

"கப்பல்தான் நம்ம அரசோட முதல் வேலை. அதுக்கு முன்னாடி ரெண்டு மூணு முதல் வேலை இருக்கு."

"எம் பொண்ணுக்கு மாசம் ஏறிக்கிட்டே போகுதுய்யா."

"அவங்களுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்க."

அந்த முதல் வேலைகளில் முதலாவது, உட்காரும் பக்கத்தை மாற்றுவது. ஈரப்பலாக் கட்சி காற்று வரும் பக்கம் போனது. நாற்காலிகளை நகர்த்தி முடித்த அன்றைக்கே ஏதுவாத்தே ஒரு வேலை செய்தார். கெபுவேலியின் சொந்தத் தங்கை வைமோவானா ஊர்க் கடைசியில் இருந்தாள். வாய்த்துடுக்கு உள்ளவள். அவளை வண்டி வைத்து அழைத்து வந்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். புதுப் பிரதமரும் அவருடைய அமைச்சர்களும் குனிந்தபடி வெளியே போனார்கள். அரசு விழுந்தது. நாற்காலிகள் பழைய பக்கத்துக்கே திரும்பின.

அதற்குப் பிறகு அரசியல் சூடுபிடித்தது. இரண்டு கட்சிகளும் மகளிர் அணி தொடங்கின. மகளிர் அணிக்கு ஒரே வேலை, உள்ளே வருவது. கட்சி அலுவலகத்தில் தலைவர்களின் படம் இருந்த இடத்தில் வம்ச வரைபடம் மாட்டினார்கள். இடைத்தேர்தலில் பெண் வேட்பாளரிடம் "என்ன படிச்சிருக்கே, என்ன செய்வே" என்று யாரும் கேட்பதில்லை. "எதிர்க்கட்சியில உனக்கு எத்தனை தம்பி" என்று கேட்டார்கள். உடன்பிறந்தவள் இல்லாத ஆண்களுக்குத் திடீர் மவுசு வந்தது. பாதுகாப்பான ஆள் என்று அவர்களை வீடு தேடிப் போய்க் கட்சியில் சேர்த்தார்கள். அப்படிச் சேர்ந்த ஒருவனுக்கு, ஊரில் இருக்கிற தங்கைகள் போதாதென்று புதிதாக ஒரு தங்கையை எதிர்க்கட்சி கண்டுபிடித்துக் கொண்டுவந்தது. அவனுடைய அப்பா ஒரு வாரம் வீட்டுக்கே வரவில்லை.

அரசுகள் விழ விழ, விழாமல் இருப்பதற்கான ஏற்பாடுகளும் நடந்தன. முதலில் நாற்காலிக்கு நாற்காலி தென்னங்கீற்றுத் தடுப்பு வைத்தார்கள். யார் பேசுகிறார்கள் என்று சபாநாயகருக்குத் தெரியவில்லை. முன்பும் அவருக்குத் தெரிந்ததில்லை என்பதால் அது குறையாகப் படவில்லை. பிறகு ஜன்னல் வழியாகத் தங்கைகள் எட்டிப் பார்க்கிறார்கள் என்று ஜன்னல்களுக்குப் பலகை அடித்தார்கள். பின்வாசல் வழியாக ஒருத்தி வந்துவிட்டாள் என்று பின்வாசலுக்குச் சிமெண்டு பூசினார்கள். அந்தச் சிமெண்டு மோட்டுலேவாவில் பிரசவ அறை கட்ட வந்தது.

ஆலோசகர் அம்மா அறிக்கை எழுதினாள். பெண்கள் சபைக்குள் காலடி வைத்த கணத்தில் ஆட்சி மாறும் ஒரே நாடு இதுதான் என்றும், பெண்களின் அரசியல் வலிமைக்கு மற்ற நாடுகள் இதைப் பின்பற்ற வேண்டும் என்றும் எழுதியிருந்தாள். கேடயம் ஒன்று வந்தது. அதை வாங்க எந்தப் பிரதமர் போவது என்பதில் தகராறு. கேடயம் சுங்கத்தில் கிடக்கிறது.

செபியுட்டாவை இரண்டு கட்சியும் விடவில்லை. ஆமைக் கட்சிச் செயலாளர் தெவிட்டா வந்தபோது நான் அவள் வீட்டில் தண்ணீர் பம்பு பழுது பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, உங்களைக் கலாசாரத் தூதராப் போடலாம்னு கட்சி முடிவெடுத்திருக்கு. வெளிநாட்டுல இருக்கணும். எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது."

"வெளிநாட்டுக்குப் போக டீசல் இருக்கா?"

"அது விமானம்க்கா."

"அந்த விமானம் மோட்டுலேவாவுக்குப் போகுமா?"

"மோட்டுலேவா வெளிநாடு இல்லையே."

"அப்ப உள்நாட்டுக்குப் போக என்னதான்யா வழி?"

தெவிட்டா பையிலிருந்து நோட்டை எடுத்தார். "அதுக்கு ஒரு குழு போடலாம்" என்றார்.

அவர் போனதும் ஈரப்பலாக் கட்சிக்காரர் வந்தார். "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்க்கா. உள்ள வந்தாப் போதும்."

"வந்து?"

"நில்லுங்க."

"நின்னா?"

"மத்ததை நாங்க பாத்துக்குவோம்."

"அதைத்தான்யா நானும் பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றாள் செபியுட்டா.

அந்தச் சமயத்தில் மோட்டுலேவாவிலிருந்து வயர்லெஸ்ஸில் லோசாவின் குரல் வந்தது. கால் வீங்கியிருக்கிறது, தலை சுற்றுகிறது என்றாள். நர்ஸ் அதைக் கேட்டுவிட்டு, "சீக்கிரம் போகணும்" என்று மட்டும் சொன்னாள். செபியுட்டா உடனே எழுந்தாள். பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பாராளுமன்றத்துக்குப் போனாள்.

அன்று ஏதுவாத்தே மறுபடி பிரதமர். சகோதரிகள் யாரும் சபைக்குள் நுழையக் கூடாது என்று அவர் அரசு வந்ததும் வராததுமாகச் சட்டம் போட்டிருந்தது. செமிசி வாசலில் அதைப் படித்துக் காட்டினான். அவள் கேட்டுவிட்டு, எதிரே மரத்தடிக்குப் போனாள். அங்கே வைமோவானா உட்கார்ந்து தாழை ஓலை கிழித்துக்கொண்டிருந்தாள். சபை கூடும் நாளெல்லாம் இரண்டு மகளிர் அணியும் அந்த ஒரே நிழலில்தான் காத்திருக்கும். எதிரெதிர்க் கட்சி என்றாலும் பாய் ஒன்றாகத்தான் பின்னுவார்கள்.

"எங்க அண்ணன் நல்லவன்தான்" என்றாள் வைமோவானா. "சின்ன வயசுல எனக்காகத் தென்னையில ஏறி இளநீ பறிச்சுப் போடுவான். நான் குடிச்சுட்டுப் போற வரைக்கும் இறங்க மாட்டான், மேலயே உக்காந்திருப்பான்."

"அப்பவே பழகிட்டான் போல."

இருவரும் சிரித்தார்கள். பிறகு செபியுட்டா கட்டடத்தைப் பார்த்தாள். பலகை அடித்த ஜன்னல்கள். சிமெண்டு பூசிய பின்வாசல். ஒரே ஒரு வாசல்.

"நாம உள்ள போனா அவனுங்க வெளிய வந்துர்றானுங்க" என்றாள். "நாம வெளியவே இந்த வாசல்ல உக்காந்துட்டா, அவனுங்க எப்படிடி வருவானுங்க?"

வைமோவானா ஓலையைக் கீழே வைத்தாள். "சட்டம்?"

"சட்டம் உள்ள வரக் கூடாதுன்னுதான். நாம உள்ள போகலையே. வெயில்லதான உக்காரப் போறோம்."

இரண்டு பேரும் வாசற்படிக்கு வெளியே, கூரையின் நிழல் விழாத இடத்தில், பாயை விரித்து உட்கார்ந்தார்கள். செமிசி சட்டத்தை இன்னொரு தடவை படித்துப் பார்த்தான். படித்துவிட்டுப் போய் மரத்தடியில் நின்றுகொண்டான்.

எனக்கு இது உள்ளே இருக்கும்போதுதான் தெரிந்தது. கப்பல் போகாததற்கு இஞ்சின் காரணமா என்று விசாரிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இல்லை என்று சொன்னேன். அந்தப் பதில் ஏற்கப்படவில்லை. மதிய உணவுக்காகச் சபை ஒத்திவைக்கப்பட்டது. பிரதமர் வாசல்வரை போனார். நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தார். கெபுவேலி சிரித்துக்கொண்டே எழுந்து போனார். அவரும் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஒருவருக்கு அவள் அக்கா இல்லையென்றால் இவள் தங்கை. பதின்மூன்று பேரும் வரிசையாகப் போய் வரிசையாகத் திரும்பி வந்தார்கள்.

காற்று வரும் பக்கம் என்று ஒன்று இப்போது இல்லை, எல்லா ஜன்னலும் பலகை. கொஞ்ச நேரம் எல்லோரும் பண்பாட்டைப் புகழ்ந்து பேசினார்கள். கல்வியமைச்சர், நம் தீவில் பெண்களுக்கு இருக்கும் மரியாதை உலகில் எங்கும் இல்லை என்றார், நெற்றியைத் துடைத்துக்கொண்டே. பிறகு நிதியமைச்சர் தானியேலா பேச்சை நிறுத்தினார். கால்மேல் கால் போட்டார். காலை மாற்றிப் போட்டார். கழிவறை முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதன் பெயரைச் சகோதரி காதில் விழும்படி சொல்லவே முடியாது.

பிரதமர் என்னைப் பார்த்தார். இந்த நாட்டில் எனக்கு அக்கா இல்லை, தங்கை இல்லை, யாருமே இல்லை. அதனால் தூது போகிற வேலை எப்போதும் எனக்குத்தான் வரும்.

"மெக்கானிக்கு, அக்காகிட்ட போய்ச் சொல்லு. அமைச்சர் ஒருத்தர் அவசரமா ஒரு இடத்துக்குப் போகணுமாம்."

போய்ச் சொன்னேன்.

"எந்த இடத்துக்காம்?" என்றாள் செபியுட்டா.

உள்ளே வந்தேன். "எந்த இடம்னு கேக்குறாங்க."

பிரதமர் மற்ற அமைச்சர்களைப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். "அரசாங்க இடம்னு சொல்லு."

போய்ச் சொன்னேன். வைமோவானா வாயைப் பொத்திக்கொண்டாள். செபியுட்டா சிரிக்கவில்லை.

"மோட்டுலேவாவும் அரசாங்க இடந்தான். நானும் அங்க போகத்தான் உக்காந்திருக்கேன். ரெண்டு பேரும் சேந்தே கெளம்பலாம்னு சொல்லு."

இதைக் கேட்டதும் பிரதமர் எழுந்து, டீசல் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். கெபுவேலி பழக்கத்தில் "எதிர்க்கிறோம்" என்றார். பக்கத்தில் இருந்த அவருடைய கட்சிக்காரர், தொடைகளை நெருக்கிக்கொண்டு, அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டு ஆதரிக்கிறோம்" என்றார் கெபுவேலி. நாட்டின் சரித்திரத்தில் முதல் தடவையாக எல்லோரும் ஒரே பக்கம் கை தூக்கினார்கள். தானியேலா மட்டும் கையை மெதுவாகத் தூக்கினார், அவரால் அசைய முடியவில்லை.

"டீசலுக்கு யார் பேரை வைக்கிறது?" என்றார் பிரதமர்.

"அதை நாளைக்குப் பாக்கலாம்யா" என்று தானியேலா முனகினார்.

"நிறைவேத்திட்டாங்கக்கா" என்று நான் வெளியே போய்ச் சொன்னேன்.

"அதை இஞ்சின்ல ஊத்த முடியுமா?"

"முடியாதுக்கா."

"அப்ப ஊத்த முடியறதை ஊத்திட்டு ஹாரன் அடி. நான் இங்கதான் இருக்கேன்."

கிடங்குக்காரரும் நானும் பீப்பாய்களை உருட்டிக்கொண்டு போனோம். நர்ஸ் பெட்டியோடு ஏற்கெனவே கப்பலில் உட்கார்ந்திருந்தாள். இஞ்சினைக் கிளப்பி ஹாரன் அடித்தேன். இரண்டு பெண்களும் எழுந்து பாயைச் சுருட்டியதாகவும், அதற்குப் பின் பதின்மூன்று உறுப்பினர்களும் முற்றத்தைக் கடந்த வேகத்தில் இந்த அரசு எதையும் இதுவரை செய்ததில்லை என்றும் செமிசி பிற்பாடு சொன்னான்.

நிம்மதியானதும் அமைச்சர்கள் நேராகத் துறைக்கு வந்தார்கள். எங்கள் கப்பல் கிளம்பினால் அமைச்சர்கள் ஏறுவார்கள். அவர்களோடு நாற்காலிகள், விருந்துக்குப் பன்றிகள், பித்தளை வாத்தியக்காரர்கள், இடித்துக் கரைத்துக் குடிக்கும் காவா வேர் மூட்டைகள் ஏறும். அதற்குப் பின் இடம் இருந்தால் ஜனங்கள் ஏறலாம். இடம் இருந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் அன்று செபியுட்டா மேல்தளத்தில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வைமோவானா. "மோட்டுலேவாவுல எனக்கு யாரும் இல்ல. இருந்தாலும் வர்றேன். இல்லைன்னா எங்க ஆளுங்க ஏறிருவானுங்க" என்றாள்.

ஏதுவாத்தே பலகைப் பாலத்தில் ஒரு கால் வைத்தார். மேலே பார்த்தார். காலை எடுத்தார். எல்லா அமைச்சர்களும் கப்பலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். பன்றிகளும் இறங்கின. ஜனங்கள் ஏறினார்கள். அரிசி மூட்டை, மண்ணெண்ணெய், மோட்டுலேவாப் பள்ளிக்கூடத்துக்கு என்று மூன்று வருஷமாகத் துறையில் கிடந்த கரும்பலகை எல்லாம் ஏறின.

தொடக்க விழா இல்லாமல் கப்பல் போகக் கூடாது என்பதால் பிரதமர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். ரேடியோக்காரர்கள் நேரடியாக ஒலிபரப்பினார்கள். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் பேசினார். "தூரத்துத் தீவுகளில் இருக்கும் என் சகோதரிகளை நான் ஒருநாளும் திரும்பிப் பார்க்காமல் இருந்ததில்லை" என்றார். நான் கயிற்றை அவிழ்த்தேன். "இந்தக் கப்பல் உறுதியாகப் புறப்படும், என் ஆட்சியிலேயே புறப்படும்" என்றார். கைதட்டல் கேட்டது. நாங்கள் பவளப்பாறை வாய்க்காலைத் தாண்டிக்கொண்டிருந்தோம். கெபுவேலி ஒலிபெருக்கியைப் பிடுங்கி, "இந்த ஆட்சியில் கப்பல் புறப்படவே புறப்படாது" என்று பேச ஆரம்பித்ததும் காதில் விழுந்தது. அதற்கு மேல் இஞ்சின் சத்தம்தான்.

மறுநாள் மோட்டுலேவாவை நெருங்கினோம். ஹாரன் அடித்தேன். கரையில் ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் படகு தள்ளிக்கொண்டு வரவில்லை. நான் சின்னப் படகை இறக்கிக் கரைக்குப் போனேன். தீவின் தலைவர் தாலோ ரேடியோவைக் காதில் வைத்திருந்தார்.

"கப்பல் வந்திருக்குங்க. சாமான் இறக்க ஆள் அனுப்புங்க."

அவர் கப்பலைப் பார்த்தார். பிறகு ரேடியோவைக் கேட்டார். "இன்னும் கெளம்பலையேப்பா. புறப்படும்ங்கிறார் பிரதமர். புறப்படாதுங்கிறார் எதிர்க்கட்சித் தலைவர். காலையிலேர்ந்து அதைத்தான் மாத்தி மாத்திப் போடுறாங்க. ரெண்டு பேருல யார் சொல்றது சரின்னு தெரியாம நாங்க எப்படி இறங்குறது?"

கரையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். சிலர் ஆமைப் பக்கமும் சிலர் ஈரப்பலாப் பக்கமுமாக நகர்ந்து நின்றார்கள்.

அவர்களைப் பிளந்துகொண்டு ஒருத்தி வந்தாள். ஒரு கையால் வயிற்றைத் தாங்கி, இன்னொரு கையால் துணியைத் தூக்கிப் பிடித்து, நேராகத் தண்ணீரில் இறங்கினாள். முழங்கால்வரை தண்ணீர் வந்ததும் நின்றாள்.

"லோசா, எங்க போறே?" என்றார் தாலோ. "கப்பல் இன்னும் வரல."

"அதை அவங்களே முடிவு பண்ணட்டும்" என்றாள் லோசா. "எனக்கு வலி எடுத்துருச்சு."

பின்னால் தண்ணீர் தெறிக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். செபியுட்டா இன்னொரு படகுக்குக் காத்திருக்கவில்லை. கப்பல் விளிம்பைத் தாண்டி, பக்கத்திலிருந்த பவளத்திட்டின் நெஞ்சளவுத் தண்ணீரில் குதித்து நடந்து வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் நர்ஸ், பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு.